மலையேறும் கல்தூள்

தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். மண்ணின் பிஎச் அளவு 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருந்தால் செடி தளதளவென்று வரும். ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, கேமரன் மலையில் நம்மவர்கள் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தது இந்தப் புளித்த மண்ணில்தான். இப்போது தேயிலைத் தோட்டங்களுக்கு இன்னொரு வேலையும் வரப்போகிறது என்கிறார்கள்: காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயுவை இழுத்துப் பிடிக்கும் வேலை.

நடக்காத கதை இல்லை இது. டார்ஜிலிங் பக்கம் ஆல்ட் கார்பன் என்ற நிறுவனம், ராஜ்மகால் குன்றுகளில் வெட்டிய பாசால்ட் கல்லைத் தூளாக்கித் தேயிலை நிலங்களில் தூவி வருகிறது. இந்திய நெல் வயல்களில் இதே வேலையைச் செய்யும் மாட்டி கார்பன், 2025இல் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் முதல் பரிசைத் தட்டிச் சென்றது. நம் சபாவிலேயே செம்பனைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள்.

சங்கதி எளிது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் மண்ணில் இறங்குகிறது. அது பாசால்ட்டில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரிக்கும்போது, வாயு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைதான். கல்லைப் பொடியாக்கினால் கொஞ்சம் வேகம் கூடும். வெப்பமும் மழையும் உள்ள நாடுகளில் இன்னும் கூடும்.

கேமரன் மலை இருக்கும் பகாங்கில் பாசால்ட்டுக்கும் பஞ்சமில்லை. குவாந்தான் பக்கம் அது உண்டு. அந்தக் கல் காலங்காலமாக மக்கி வந்த செம்மண்ணைத்தான் பாக்சைட் என்று தோண்டினார்கள். ஊரெல்லாம் சிவப்புப் புழுதி படிந்து, 2016 ஜனவரியில் அரசு தடை போட வேண்டியதாயிற்று. கல்தூளைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தப் புழுதியை மறக்கக் கூடாது.

இனி, கேமரன் மலைச் சரிவில் நின்று கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேருக்கு 20 டன் தூள் என்று வையுங்கள். ஐம்பது கிலோ சாக்கில் 400 சாக்கு. இந்தச் சரிவுகளில் டிராக்டர் ஏறாது. கொழுந்து வெட்டும் இயந்திரத்தையே இரண்டு பேர் வரிசைக்கு இருபுறமும் பிடித்துக்கொண்டு, கால் வழுக்காமல் பக்கவாட்டில் நடக்கிறார்கள். இன்று அந்த இரண்டு பேர் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், நேப்பாளி அல்லது இந்தோனேசியர். 400 சாக்கையும் முதுகில் ஏற்றப்போவது அவர்கள்தான், தூளைச் சுவாசிக்கப்போவதும் அவர்கள்தான். பலன்? ஒரு டன் பாசால்ட் முழுக்கக் கரைந்தாலும் பிடிப்பது ஏறக்குறைய 300 கிலோ கரியமில வாயு. ஆக ஹெக்டேருக்கு அதிகபட்சம் 6 டன், அதுவும் பல ஆண்டுகளில். கல்லை அரைத்த மின்சாரம், குவாந்தானிலிருந்து மலையேறிய லாரியின் டீசல் இரண்டையும் அதில் கழிக்க வேண்டும்.

புளித்த மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேயிலைக்கு நாம் போடும் தழைச்சத்து உரம் மண்ணில் நைட்ரிக் அமிலமாக மாறுகிறது. கல்லை அந்த அமிலம் கரைத்துவிட்டால், கல் கரைந்ததுதான் மிச்சம், காற்றிலிருந்து ஒன்றும் குறையாது. எதனால் எவ்வளவு கரைந்தது என்று அளப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சபாவில் ஓடைத் தண்ணீரை அளந்தவர்களுக்கே, தானாக நடந்த கரைதலையும் தூவிய தூளால் நடந்ததையும் பிரித்துச் சொல்வது சிரமமாக இருந்தது. ஆனால் பிடித்த வாயுவை விற்கும் கார்பன் சந்தையில் டன் கணக்கில்தான் வியாபாரம்.

நான் இதற்கு எதிரி இல்லை. ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுப் புகையை விடுகிற உலகம், விட்டதில் கொஞ்சமாவது திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2022இலேயே சொல்லிவிட்டது. மரம் வளர்ப்பதை ஒதுக்கிவிட்டுப் புதிய முறைகளை மட்டும் கூட்டினால், இப்போது எடுப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. (இந்தக் கணக்கில் பெட்ரோனாசின் கசாவாரித் திட்டத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எரிவாயுவோடு வெளிவரும் கரியமிலத்தைக் கடலடியில் புதைப்பது. புதிதாகச் சேர்வதைத் தடுக்கும், ஏற்கெனவே காற்றில் இருப்பதை எடுக்காது.)

என் சண்டையெல்லாம் எது முதலில் என்பதில்தான். பிரிஞ்சாங் சிகரத்தில் 2,000 மீட்டர் உயரத்தில் பாசி போர்த்திய காடு நிற்கிறது. அதன் காலடியில் நுரைப் பஞ்சுபோல் மிதிபடும் கறுப்பு மண் முழுக்கக் கரிமம். தேயிலைத் தோட்டத்திலும் கவாத்து வெட்டிய குச்சியை வரிசைக்கு நடுவிலேயே போட்டால் மக்கி மண்ணில் சேர்கிறது. இதற்கு லாரி வேண்டாம், சாக்கு வேண்டாம். ஆனால் காய்கறிக்கும் பூவுக்கும் காட்டைத் திறந்த இடங்களில், ஒவ்வொரு பெருமழைக்கும் மண் சரிந்து ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் அள்ளி அள்ளிக் கொட்டியும் வண்டல் தீர்ந்தபாடில்லை. 2013 அக்டோபர் 23 அன்று அந்த ஏரியின் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் வேலியில் உயிர்களே போயின. அப்படிச் சரிந்த மண்ணின் மக்கிலிருந்து ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்புகிறது. ஒரு பக்கம் இழப்பதை விட்டுவிட்டு, மறுபக்கம் கல்தூளில் பிடிக்கப் போகிறோமா?

கார்பன் காசு இந்த மலைக்கு வருமானால், அதன் முதல் வெள்ளி சரிவைக் காக்கச் செலவாகட்டும். பகாங் அரசு காட்டோர நிலங்களைச் சாகுபடிக்குக் கொடுக்கும்போது, அந்த மண்ணிலுள்ள கரிமத்தையும் கணக்கில் எழுதட்டும். அதற்குப் பிறகு கல்தூள் வரட்டும். வரும்போது, சாக்குச் சுமப்பவருக்கு முகக்கவசமும் விற்கும் ஒவ்வொரு டன்னிலும் ஒரு பங்கும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.