வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும் வர்க்கம்

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவனை அடித்துவிடுகிறான். ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்றும், திரும்பி வரும்போது தந்தையை அழைத்து வர வேண்டும் என்றும் தலைமையாசிரியர் உத்தரவிடுகிறார். நாட்டின் எந்த மாநிலத்திலும் நடக்கக்கூடிய நிகழ்வு இது. ஒழுங்கு காக்கப்பட்டுவிட்டதாகப் பள்ளி நிர்வாகம் நிம்மதி கொள்கிறது.

இந்த நிம்மதிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? தந்தை கட்டடத் தொழிலாளி என்றால், பள்ளிக்கு வந்து கைகட்டி நிற்கும் அன்று அவருக்குக் கூலி இல்லை. தாயும் வேலைக்குப் போகும் குடும்பம் என்றால், அந்த வாரம் முழுவதும் சிறுவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அவன் தெருவில் நிற்கிறான். அல்லது அருகிலுள்ள பட்டறையில் எடுபிடி வேலைக்குச் சேர்கிறான். அந்த வாரப் பாடங்கள் போய்விட்டன. அடிபட்ட மாணவனிடமோ எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே அனுப்பப்பட்டவன் கூடுதல் வன்மத்துடன் திரும்பி வருவான் என்ற அச்சம் மட்டுமே அவனுக்கு மிச்சம்.

இன்னொரு இழப்பும் உண்டு. அதை எந்தப் பள்ளியும் கணக்கில் எடுப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு, பள்ளி விடுமுறை தவிர்த்த எல்லா நாட்களிலும் விலையில்லா மதிய உணவை உரிமையாக்கியுள்ளது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அந்த உணவின் அளவு 700 கலோரி, 20 கிராம் புரதம் என விதிக்கப்பட்டுள்ளது. பள்ளியிலிருந்து ஒரு வாரம் விலக்கப்பட்ட குழந்தையின் தட்டிலிருந்து அந்த உணவும் பறிக்கப்படுகிறது. குற்றவாளிக்குச் சிறையில்கூட உணவு மறுக்கப்படுவதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு மறுக்கப்படுகிறது.

சட்டமும் பிரம்பும்

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து மாணவர்களை நிறுத்திவைக்க வழி திறந்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டு, தன் பள்ளிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் வெளியேற்றத்துக்கு எதிரான தடை சட்டத்தில் இன்றும் நீடிக்கிறது. அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைகளே நீண்ட இடைநீக்கமும், பெற்றோரை மிரட்டித் 'தாமாகவே' வாங்கிச் செல்ல வைக்கும் மாற்றுச் சான்றிதழும்.

'பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், வெளியேற்றும் அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள், இனி வகுப்பை எப்படி நடத்துவது?' என்ற கேள்வி ஆசிரியர்களிடையே பரவலாக ஒலிக்கிறது. ஆசிரியர் இயக்கங்களில் பணியாற்றும் தோழர்கள் சிலரிடமும் இது செல்வாக்குப் பெற்றுள்ளது என்பதை மறைப்பதில் பயனில்லை. இக்கேள்விக்குப் பின்னால் உண்மையான சுமை இருக்கிறது. நிரப்பப்படாத பணியிடங்கள், ஒப்பந்த நியமனங்கள், கணக்கெடுப்பும் தேர்தல் பணியும் இணையப் பதிவேற்றமும் சேர்ந்து ஆசிரியரின் நேரத்தை விழுங்குகின்றன. ஆனால் அந்தச் சுமையை ஏற்றிய அரசின் மீது திரும்ப வேண்டிய கோபம், எதிர்த்து நிற்க இயலாத குழந்தையின் மீது திரும்புவதை எந்தத் தொழிற்சங்க உணர்வும் நியாயப்படுத்த முடியாது.

பிரம்பு இருந்த காலம் ஒழுங்கின் பொற்காலம் என்பதும் கட்டுக்கதை. ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவீதத்தினர் தாங்கள் அடிக்கப்பட்டதாகக் கூறினர். மூவரில் இருவர் அடிவாங்கிய அந்த நாட்டில் பள்ளி வன்முறை ஒழிந்துவிடவில்லை. வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டம் காட்டியது. ஆசிரியை ஒருவர் முஸ்லிம் சிறுவன் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்தி, சக மாணவர்களை வரிசையாக வந்து அறையச் சொன்னார். உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பாதிக்கப்பட்ட சிறுவனுக்கும் மற்ற மாணவர்களுக்கும் உளவியல் ஆலோசனை வழங்கும் முறையைப் பரிந்துரைக்க டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பணித்தது. அறையும்படி ஏவப்பட்ட குழந்தைகளுக்கு ஆலோசனை வழங்கப்படவில்லை என்று மாநில அரசைப் பின்னர் கண்டித்தது. அறைந்த கையும் ஒரு குழந்தையின் கைதான். அதற்கும் சிகிச்சை தேவை என்ற புரிதல் நீதிமன்றத்துக்கு இருந்தது. ஆதித்யநாத் அரசுக்கு இல்லை.

2024 ஆகஸ்டில் ராஜஸ்தானின் உதய்ப்பூரில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருவரிடையே நேர்ந்த தகராறு கத்திக்குத்தில் முடிந்து, ஒரு மாணவன் உயிரிழந்தான். பாஜக ஆட்சி செய்தது என்ன? குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை, வன நில ஆக்கிரமிப்பு என்று சொல்லி, புல்டோசரால் இடித்தது. பள்ளியில் எழும் பகையைத் தீர்க்கும் பொறுப்பைக் கைவிடும் அரசு, கடைசியில் புல்டோசருடன் வந்து நிற்கிறது.

அமெரிக்க அனுபவம்

குழந்தையை வெளியே அனுப்பாமல், பள்ளிக்குள்ளேயே தனி அறையில் சில நாட்கள் வைத்து, பாடத்தைத் தொடரச் செய்து, பாதிக்கப்பட்டவருடனான உறவைச் சீராக்கித் திரும்ப வகுப்பில் சேர்க்கும் முறை பற்றி இன்று இந்தியாவிலும் பேசப்படுகிறது. இதன் வரலாறு அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே 1994இல் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம் வந்தபின், 'சிறிதும் சகிப்பதில்லை' என்ற கொள்கை பள்ளிகளை ஆட்கொண்டது. துப்பாக்கிக்காக வந்த கடுமை, எதிர்த்துப் பேசியதற்கும் தாமதமாக வந்ததற்கும் நீண்டது. கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடைநீக்கத்துக்கு ஆளானதை அந்நாட்டுக் கல்வித் துறையின் புள்ளிவிவரங்களே பதிவு செய்தன. பள்ளியிலிருந்து சிறைக்குச் செல்லும் குழாய் என்று கறுப்பின மக்கள் இதை அழைத்தனர். இதற்கு எதிரான போராட்டத்தின் பகுதியாகவே, 2000களின் நடுவில் ஓக்லாந்து நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் சீரமைப்பு நீதி முறை தொடங்கி, பின்னர் நகரெங்கும் விரிந்தது. டிரம்ப் 2025 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, இனப் பாகுபாட்டைக் கருத்தில் கொள்ளும் இத்தகைய ஒழுங்குமுறைகளைப் பின்னுக்குத் தள்ள முனைகிறது. யாருக்கு இது உறுத்துகிறது என்பதே ஒரு சான்று.

ஆனால் இறக்குமதிச் சரக்காக இதை வாங்கி விற்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் நகரின் 44 பள்ளிகளில் ராண்ட் நிறுவனம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுமொத்தமாக இடைநீக்கம் குறைந்ததைக் கண்டது. எனினும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அது குறையவில்லை. அவ்வகுப்புகளில் கற்றல் அடைவும் பின்னடைந்தது. வலதுசாரிகள் இதைப் பிரம்புக்குச் சாதகமாகக் காட்டுவார்கள். பயிற்சிப் பட்டறை நடத்தும் தன்னார்வ நிறுவனங்கள் இதைப் பேசவே மாட்டா. பதின்வயதின் வாசலில் நிற்கும் குழந்தைகளிடம் வட்டமாக அமர்ந்து பேசுவது மட்டும் போதாது என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய படிப்பினை. அந்த அறை முதலில் ஒரு வகுப்பறையாக இருக்க வேண்டும்.

எப்படி இருக்க வேண்டும்?

அந்த அறைக்கு நிரந்தரப் பணியிடத்தில் நியமிக்கப்பட்ட, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஓய்வு நேரம் கிடைத்தவரை உட்காரவைப்பது கூடாது. பாட ஆசிரியர்கள் அன்றன்றைய பாடத்தை அனுப்ப வேண்டும். முடிந்தபோது நேரில் வர வேண்டும். காலம் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்கு மேல் போகக் கூடாது. மதிய உணவை மாணவன் மற்றவர்களுடன் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். ஒரே வாக்கியத்தை நூறு முறை எழுதவைப்பதும், சுவரைப் பார்த்து உட்காரவைப்பதும் அந்த அறையில் நுழையுமானால், அது பிரம்பின் மறுபதிப்பு.

உரையாடலின் கேள்விகள் எளியவை. என்ன நடந்தது? யார் பாதிக்கப்பட்டார்? அதை எப்படிச் சரிசெய்யலாம்? கிழித்த புத்தகத்தை ஒட்டித் தருவதும், கேலி செய்த மாணவனிடம் நேர்நின்று பேசுவதும் பரிகாரமாகலாம். கழிப்பறை கழுவவைப்பது ஒருபோதும் பரிகாரமாகாது. அந்த வேலை எந்தச் சாதிக் குழந்தைக்கு ஒதுக்கப்படும் என்பது இந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மாணவன் வகுப்புக்குத் திரும்பும் நாளில் வகுப்பாசிரியரும் பெற்றோரும் அவனுடன் அமர்ந்து பேச வேண்டும். பெற்றோரின் கூலி கெடாத நேரத்தைப் பள்ளிதான் தேடிக்கொள்ள வேண்டும்.

சமரசத்துக்கு எல்லை உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தையின் சம்மதமின்றி நேருக்கு நேர் சந்திப்பு நடத்தக் கூடாது. சாதி வன்கொடுமையும் பாலியல் வன்முறையும் பள்ளிக்குள் பேசித் தீர்க்கும் விவகாரங்கள் ஆகா. போக்சோ சட்டம் புகாரளிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடூரத்தை மறக்க இயலாது. 'இருவரும் கைகுலுக்குங்கள்' என்று சாதி ஒடுக்குமுறையை மூடி மறைப்பது சீரமைப்பு நீதியாகாது. அது கட்டப்பஞ்சாயத்து.

ஒவ்வோர் இடைநீக்கமும் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் அனுப்பினார், என்ன காரணம், மாணவனின் சாதி, மதம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை விதிக்கிறது. அதில் பாதிப் பேர் பெண்கள். அப்பதிவேடு மாதந்தோறும் பெயர்கள் நீக்கப்பட்டு அக்குழுவின் முன் வைக்கப்படட்டும். தலித், முஸ்லிம், பழங்குடிக் குழந்தைகளே திரும்பத் திரும்ப அந்த அறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்றால், திருந்த வேண்டியவர்கள் அறைக்கு வெளியே இருக்கிறார்கள் என்று பொருள்.

முன்வைக்க வேண்டிய கோரிக்கை

1920இல் உள்நாட்டுப் போரின் இடிபாடுகளுக்கு நடுவே, பொல்தாவா அருகே, வீடற்ற சிறார்களையும் சிறு குற்றவாளிகளையும் கொண்டு அந்தோன் மகரென்கோ ஒரு குடியிருப்பை நடத்தத் தொடங்கினார். ஆரம்ப நாட்களில் பொறுமையிழந்து ஒரு இளைஞனை அடித்துவிட்டதை அவரே தம் நூலில் மறைக்காமல் எழுதினார். அதை ஒரு முறையாக உயர்த்திப் பிடிக்கவில்லை. உழைப்பும் படிப்பும் கூட்டு வாழ்வும் பொதுச் சபையும்தான் அவர்களை மனிதர்களாக நிமிர்த்தின. வறுமையில் உழன்ற இளம் சோவியத் அரசு செய்யத் துணிந்ததை, உலகின் பெரும் பொருளாதாரம் என்று மார்தட்டும் அரசு செய்ய மறுக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆலோசகர் என்ற பணியிடம் அதில் இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை ஆலோசகர்களையும் சமூகப் பணியாளர்களையும் பற்றி இனிக்கப் பேசுகிறது. ஆனால் அவர்களைப் பல பள்ளிகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கும் தன்னார்வலர்களின் தயவுக்கும் விட்டுவிடுகிறது. நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோத்தாரி குழுவின் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்றும் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் நிரந்தர ஆலோசகர் பணியிடம், எல்லா ஆசிரியர் காலியிடங்களையும் நிரப்புதல், கற்பித்தல் அல்லாத பணிகளிலிருந்து விடுதலை ஆகிய மூன்றும் ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கைகள். எந்தக் குழந்தையையும் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்பது பெற்றோரின் கோரிக்கை. இவை இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள். ஆசிரியர் இயக்கமும் மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளும் இவற்றை இணைத்து எழுப்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இடம்பெற்றுள்ள தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்த ஆண்டு இப்பள்ளியிலிருந்து எத்தனை குழந்தைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்கள் யாருடைய குழந்தைகள்?