கழுத்துக்குள் நாலு மணி

அமாவாசைக்கு எங்கள் மேல்மலையனூருக்கு வருகிற பெண்களைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். கேட்டால், "வயசாச்சு, வேலை ஜாஸ்தி" என்பார்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் நாலு வருஷம் தைலம் தேய்த்தே ஓட்டினார். நடுவில் இரண்டு தடவை சிறுநீரகக் கல். ஓயாத தாகம், மலச்சிக்கல், அசதி வேறு. வலிக்கு ஒரு டாக்டர், கல்லுக்கு ஒரு டாக்டர்; இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆளில்லை. கடைசியில் ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் 12 மில்லிகிராம்! சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரைதான் இருக்கணும்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று பெரும்பாலோருக்கு நாலு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. ஒன்று கட்டியாகி அடங்காமல் சுரந்தால் எலும்பு கரையும்; சிறுநீரில் கல் சேரும். இது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

இந்தச் சுரப்பியை முதலில் எதில் கண்டார்கள் தெரியுமா? 1849-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த நம் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்! 1925-ல் வியன்னாவில் டாக்டர் மாண்டல், எலும்பு முறிந்து கிடந்த ஒரு டிராம் கண்டக்டருக்கு இந்தக் கட்டியை எடுத்து நடக்க வைத்தார்.

கால்சியம் அதிகமானால் பி.டி.எச். என்கிற ஹார்மோன் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் சுரப்பிதான் குற்றவாளி. வைட்டமின் டி, 24 மணி நேரச் சிறுநீர் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். எந்தச் சுரப்பி என்று கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன்.

வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கழுத்தில் சின்னக் கீறல்தான். ஆனால் குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கைதேர்ந்தவர் செய்வதே நல்லது. கெட்ட சுரப்பியை எடுத்ததும் பத்து நிமிஷத்தில் பி.டி.எச். பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு பசியோடிருந்த எலும்பு கால்சியத்தை உறிஞ்சும். உதடு மரத்தாலோ விரல் இழுத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை தருவார்கள்.

சகோதரிகளே, திரும்பத் திரும்பக் கல், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவு, தீராத எலும்பு வலி இருந்தால், "கால்சியம் பார்க்கலாமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாமாகக் கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம், பாலை நிறுத்தவும் வேண்டாம்.