பெட்ரோலுக்கு ஒரு மடையன்!

சீவலப்பேரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1994-ல் நெப்போலியன் நடித்து வந்த ‘சீவலப்பேரி பாண்டி’யும் அரிவாளும்தானே! ஆனால், அந்த ஊர் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது அரிவாளைப் பற்றி அல்ல, வால்வைப் பற்றி. பாளையங்கோட்டையில் ஆபீஸ். அப்பா காலத்து புல்லட். ராத்திரி களைத்து வந்து இறங்குகிறவர் பெட்ரோல் டேப்பை மூட மறந்துவிடுகிறாராம். காலையில் வீடு முழுக்க வாடை. ‘சாவியை ஆஃப் பண்ணினால் பெட்ரோலும் தானாக நிற்கிற மாதிரி எலெக்ட்ரிக் வால்வு மாட்டலாமா சார்? எதை வாங்குவது?’

சோம்பேறித்தனமான கேள்வி என்று சிரிக்காதீர்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் பைக் தூங்குவது தெருவில் அல்ல. நடையில், இல்லாவிட்டால் பட்டாசலில். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். மேலே போகாது. பாய் விரித்த மாதிரி தரையோடு பரவி அடுக்களை வரைக்கும் போய்விடும். விடியற்காலம் காப்பி போட அம்மா அடுப்பைப் பற்ற வைக்கிறார் என்றால்... வேண்டாம், மேற்கொண்டு எழுத மனசு வரவில்லை.

வெளியே சிந்தாமல் என்ஜினுக்குள் இறங்கினாலும் நஷ்டம்தான். ஆயிலோடு கலந்து அதை ரசமாக்கிவிடும். ரசத்தை சோற்றில் ஊற்றலாம், பிஸ்டனுக்கு ஊற்றக்கூடாது!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு, புது பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன். டேங்குக்குள்ளேயே பம்ப். சாவியைத் திருப்பினால் பம்ப் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். ஆகவே இந்த வாரக் கட்டுரை, பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிற... மன்னிக்கவும், கொஞ்சுகிற கட்சிக்கு மட்டும்.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேர்கிறது. இன்னும் கீழே போனால் மருதூர் அணைக்கட்டு, அப்புறம் திருவைகுண்டம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டு. அங்கே வாய்க்காலுக்குத் தண்ணீரைத் தள்ள மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அதுவாக ஓடும். மடையைத் திறக்க, மூட மட்டும் ஆள் வேண்டும். புல்லட்டிலும் அதே கதைதான். மேலே டேங்க், கீழே கார்புரேட்டர், நடுவில் டேப். நம் வாசகர் தேடுவது சாவியின் பேச்சைக் கேட்கிற ஒரு மடையனை! (திட்டு இல்லை ஐயா. மடையைத் திறந்து மூடியவர்களுக்கு அந்தக் காலத்தில் மடையர் என்றுதான் பெயர்.)

மெக்கானிக்கிடம் கேட்டால் என்ன சொல்வார்?

“அண்ணாச்சி, வாஷிங் மெஷினுக்குத் தண்ணி விடுத வால்வு ஒண்ணு கெடக்கு. இல்லன்னா ஆர்.ஓ. மெஷின் வால்வு. மாட்டி வுட்டுருவோம், சோலி முடிஞ்சிரும்!”

முடிந்துவிடும்... வண்டியின் சோலி!

நம் ஊர் வாஷிங் மெஷின் வால்வு 230 வோல்ட்டில் வேலை செய்வது. பைக்குக்குப் பின்னால் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டே ஆபீஸ் போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் காந்தம் திறப்பது ஒரு குட்டித் துவாரத்தை மட்டும்தான். பெரிய கதவைத் தள்ளித் திறப்பது தண்ணீரின் அழுத்தம். இதற்கு பைலட் டைப் என்று பெயர். மொட்டை மாடித் தொட்டி போதுமான உயரத்தில் இல்லாத வீடுகளில் மெஷினுக்குள் தண்ணீர் ஏறாமல் அடம் பிடிப்பது இதனால்தான்.

பைக்கில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உயரம் ஒரு அடி இருந்தால் அதிகம். அந்த ஒரு அடிப் பெட்ரோல் தருகிற அழுத்தம் சுமார் 0.02 பார். டயரில் அடிக்கிற காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு! பைலட் வால்வு திறக்க சாதாரணமாக 0.3 பாராவது வேண்டும். அதற்குப் பெட்ரோல் டேங்க் கார்புரேட்டருக்கு மேலே 4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டணும்!

ஆகவே கடைக்காரரிடம் முதல் கேள்வி: “டைரக்ட் ஆக்டிங்கா?” இந்த வகையில் காந்தமே கதவை நேராகத் தூக்கிவிடும், அழுத்தத்தின் தயவு வேண்டாம். குறைந்தபட்ச அழுத்தம் 0 பார் என்று போட்டிருக்கும். 0.3, 0.5 என்று இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடை.

இரண்டாவது கேள்வி, துவாரம். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்ற கணக்கில் 80-ல் பறந்தால் மணிக்கு 3.2 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 53 மில்லி தேவை. மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், 150 மில்லி. காலி இருமல் மருந்து பாட்டில் (100 மில்லி) ஒன்றை எடுத்து, வால்வு வழியாக வருகிற ட்யூபை கார்புரேட்டர் உயரத்தில் பிடியுங்கள். டேங்கில் ரிசர்வ் அளவு பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். பாட்டில் 40 செகண்டில் நிறைந்தால் பாஸ். (திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு. பீடி பிடிக்கிற மாமாவைத் தூரத்தில் உட்கார வையுங்கள்.)

துவாரம் சின்னதாக இருந்தால் வேடிக்கையாக இருக்கும். ஊருக்குள் ஜம்மென்று போகும். ரோட்டில் முறுக்கினால் ரெண்டு மூணு கிலோமீட்டரில் ‘புஸ்’ஸென்று நிற்கும். ஒரு நிமிஷம் கழித்து உதைத்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிளம்பும். கார்புரேட்டர் கிண்ணம் மெதுவாக நிறைந்திருக்கும், அவ்வளவுதான். இது புரியாமல் ப்ளக், காயில் என்று மாற்றிப் பர்ஸைக் காலி பண்ணுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, உள்ளே இருக்கும் ரப்பர். தண்ணீர் வால்வுகளில் பலவற்றில் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். பெட்ரோல் பட்டால் புளித்த மாவு மாதிரி உப்பிவிடும். இப்போது பங்க்கில் வருவதோ 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வைட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

நாலாவது, கரண்ட். 12 வாட் காயில் என்றால் 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் குடிக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு சாவியை ஆனிலேயே விட்டால், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும். டேப்பை மறந்தவர் சாவியை மறக்கமாட்டார் என்பது நம்பிக்கை! மணிக்கணக்காக ஆனில் இருந்தாலும் கருகாத ‘கன்டினியுவஸ் டியூட்டி’ காயிலாக வாங்குங்கள். ஒயரை சாவிக்குப் பிறகு வருகிற டி.சி. லைனிலிருந்து, தனி ஃப்யூஸ் போட்டு எடுக்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது ஏ.சி. அதில் கொடுத்தால் வால்வு பல்லைக் கடித்த மாதிரி நடுங்கும். வண்டி 6 வோல்ட் காலத்து மாடல் என்றால் வால்வும் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும்.

சரி, எங்கே கிடைக்கும்? காருக்கு காஸ் கிட் மாட்டுகிற கடையில் விசாரியுங்கள். கார்புரேட்டர் கார்கள் காஸில் ஓடும்போது பெட்ரோலை நிறுத்தி வைக்க ஒரு 12 வோல்ட் வால்வு உண்டு. பெட்ரோலுக்கென்றே செய்தது. கரண்ட் இல்லாவிட்டால் மூடியே இருக்கும். ஆனால், காரில் பெட்ரோலைத் தள்ள பம்ப் உண்டு, நமக்குக் கிடையாது. ஆகவே இருமல் மருந்து பாட்டில் பரீட்சை இதற்கும் கட்டாயம்.

இந்த வால்வுகள் பலவற்றில் கையால் திருகித் திறக்க ஒரு திருகு இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். மேக்னெட்டோவில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பேட்டரி செத்தாலும் ஓர் உதையில் கிளம்பிவிடும். வால்வை மாட்டிய பிறகு பேட்டரி செத்தால்? டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும், சொட்டுகூட இறங்காது. ராத்திரி பத்து மணி, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு, பக்கத்தில் சுடலைமாடன் கோயில்... அப்போது அந்தத் திருகுதான் துணைக்கு வரும் சாமி!

வால்வுக்கு முன்னால் ஒரு சல்லடை ஃபில்டரும் போடுங்கள். பழைய டேங்கின் ஒரு துரு துணுக்கு நடுவில் சிக்கினாலும் கதவு முழுசாக மூடாது.

கடைசியாக ஒன்று. டேப் திறந்திருந்தாலும் பெட்ரோல் வழியக்கூடாது. கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் ஊசி வழியை அடைக்க வேண்டும். வழிகிறது என்றால் ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. வால்வு வாங்கக் கிளம்புகிற பல பேர் முதலில் வாங்க வேண்டியது ஊசிதான். வால்வு இரண்டாவது பூட்டு. முதல் பூட்டு உடைந்திருக்க, இரண்டாவதை நம்பித் தூங்குவது புத்திசாலித்தனமா?

பழைய டேப்பைக் கழற்றி எறிய வேண்டாம். வால்வு அதற்குக் கீழே உட்காரட்டும். நாலு நாள் ஊருக்குப் போகிறீர்களா, டேப்பைக் கையால் மூடிவிட்டுப் போங்கள். அதற்கு பேட்டரி வேண்டாம்.