ஆமாங்க, நான் முட்டுக்கட்டைதான்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்ல சண்டை ஜாஸ்தி. ஆணியைப் பத்தி எழுதினா யாரும் படிக்க மாட்டீங்க. அதனால சண்டையைப் பத்தி எழுதறேன். மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், இன்னிக்கு கொஞ்சம் கோவமா இருக்கேன்.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் கொசுவத்தி சுத்தியிருந்தார். சின்ன வயசுல சொந்தபந்தம் மொத்தமும் ஒரே டிராக்டர்ல ஏறி குலதெய்வம் கோயிலுக்குப் போன கதை. டிரெய்லர்ல வைக்கோல் பரப்பி, அண்டா குண்டானோட, பின்னாடி காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு... எழுத்து அருமை. கீழ வரிசையா "அந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு பின்னூட்டங்கள். எனக்கு ஒரு ஸ்மைலி போடக் கூட மனசு வரலை. அவர் மேல கோவம் இல்லைங்க. அந்த டிரெய்லர்ல காலைத் தொங்கப் போட்டவன்ல நானும் ஒருத்தன்.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தறி வீடு. எட்டு வருஷம் முன்னாடி, நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு இருந்தப்போ, வாலாஜாபாத்துக்கு அந்தாண்ட இருக்கற மாமாவோட டிராக்டர்ல நாங்க 40 பேர் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது ஏரிக்கரை மேலேர்ந்து கீழ இறங்கற சரிவு. மாமா பிரேக் போட்டார். டிராக்டர் நிக்கப் பாத்துச்சு, டிரெய்லர் நிக்கலை. பின்னாடிலேர்ந்து தள்ளி, டிராக்டரைக் குறுக்கால திருப்பி, ஒரு புளிய மரத்துல சாத்திடுச்சு. மரம் இருந்ததால தண்ணிக்குள்ள போகலை. எல்லாரும் "சாமி காப்பாத்துச்சு"ன்னாங்க.

அத்தையை மட்டும் காப்பாத்தலை. அப்பாவோட தங்கச்சி. கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. எங்க ஊர்ல பாதித் தறிக்கு மேல குழித்தறி. பள்ளத்துல காலை இறக்கி மிதிக்கணும். அன்னிக்கு அப்புறம் அத்தை தறிக்குழியில காலை இறக்கவே இல்லை. இருபது வருஷமா முகூர்த்தப் பட்டு நெய்த கை, இப்போ உக்காந்து தார் சுத்துது.

இதுல எனக்கு உறுத்தறது என்ன தெரியுமா? அந்த செமஸ்டர்தான் நான் உராய்வு, வேகம் குறையற கணக்கு எல்லாம் எழுதி எண்பதுக்கு மேல மார்க் வாங்கினேன். வாங்கிட்டு டிரெய்லர்ல ஏறி உக்காந்தேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். இப்போ அக்கா பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும். அதே கோயில், அதே ஏரிக்கரை, அதே டிராக்டர். நான் வேணாம்னேன். மாமா சொன்னது ஒரே வரி: "45 எச்.பி. வண்டி மாப்ள, அசால்ட்டா இழுக்கும்." பெரியம்மா சொன்னது இன்னொரு வரி: "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாத."

ரெண்டுக்கும் பதில் சொல்லிடறேன்.

முதல்ல மாமாவுக்கு. இழுக்கும் மாமா. யாரு இல்லைன்னா? கேள்வி அது இல்லை. நிக்குமா?

ஆன்சைட்ல ஒரு வருஷம் இங்கிலாந்துல இருந்தேன். கேரவன்னா நமக்கு ஷூட்டிங்ல நடிகர் உக்கார்ற வண்டி. அங்க அது குடும்பத்தோட கார் பின்னாடி கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. எங்க டீம்ல ஒருத்தர் லீவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எக்செல் ஷீட் போட்டுக் கணக்குப் பாத்துட்டு இருந்தார். தண்ணி கேன் எத்தனை கிலோ, கேஸ் எத்தனை கிலோ, போர்வை எத்தனை கிலோ. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு சிரிப்பு நின்னுடுச்சு.

அங்க பழக்கத்துல இருக்கற அளவு, சாமானோட சேர்த்து கேரவன் எடை காரோட எடையில 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும். இது சட்டம் இல்லை, பெரியவங்க அறிவுரை மாதிரி. ஆனா இன்னொண்ணு சட்டம். தனியா பிரேக் இல்லாத டிரெய்லர்னா 750 கிலோ, இல்லைன்னா இழுக்கற காரோட எடையில பாதி, இதுல எது கம்மியோ அதுக்கு மேல போகக் கூடாது. இஞ்சின் எத்தனை குதிரைன்னு இந்தக் கணக்குல யாரும் கேக்கவே இல்லை, கவனிச்சீங்களா? பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறதைத் தள்ளக் கூடாது. அவ்ளோதான் விஷயம்.

இப்போ நம்ம வண்டி. போன மாசம் மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி, டிராக்டரையும் காலி டிரெய்லரையும் லாரி எடை மேடையில தனித்தனியா ஏத்திப் பாத்தேன். டிராக்டர் 2,050 கிலோ. டிரெய்லர் 1,300. அதுல 40 பேர், குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து சராசரி 50 கிலோன்னு வைங்க, 2,000 கிலோ. அண்டா, அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை, தண்ணி டிரம், ஆடு ஒரு 300. ஆக டிரெய்லர் 3,600 கிலோ. இழுக்கற வண்டியோட எடையில 175 சதவீதம். அந்த டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது.

நம்ம ஊர் டிராக்டர்ல பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அதாவது 5,650 கிலோவை நிறுத்த வேண்டியது ரெண்டே ரெண்டு டயர். என்னோட ரஃப் கணக்கு இது: 30 கிலோமீட்டர் வேகத்துல, சமமான ரோட்ல, டிராக்டர் மட்டும் தனியாப் போனா சுமார் 9 மீட்டர்ல நிக்கும். டிரெய்லரோட 20 மீட்டர். பத்து அடிக்கு ஒரு அடி இறங்கற சரிவுல 44 மீட்டர். மாமா கால் பிரேக்குக்குப் போற நேரம் இதுல சேரலை.

இன்னும் இருக்கு. நம்ம தாத்தாக்களுக்கு மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்தை இறுக்கும். அதனால மூட்டையை மாத்தி மாத்தி அடுக்குவாங்க. ரெண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே விதிதான். இங்கிலாந்துக்காரன் கேரவன் எடையில 5 முதல் 7 சதவீதம் கொக்கி மேல இறங்கணும்னு தராசு வெச்சுப் பாக்கறதும் இந்த முன்பாரத்தைத்தான். நாம என்ன பண்றோம்? காத்து வாங்க எல்லாரும் பின்னாடி போய் காலைத் தொங்கப் போடறோம். கொக்கி மேல் நோக்கித் தூக்குது. பிரேக் இருக்கற ஒரே இடமான டிராக்டர் பின் சக்கரத்துல பாரம் குறையுது, பிடிப்பு போயிடுது. என் கணக்குல நான் 400 கிலோ முன்பாரம் வெச்சிருந்தேன். அதை எடுத்துட்டா அதே சரிவுல 90 மீட்டருக்கு மேல. அவ்ளோ தூரம் எந்த ஏரிக்கரை சரிவும் நீளாது. அதுக்குள்ள வளைவு வரும், இல்லைன்னா தண்ணி வரும்.

இது போதாதுன்னு டிராக்டர்ல இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலது சக்கரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிரேக் பெடல். வயல்ல திருப்ப அது வசதி. ரோட்டுக்கு வந்தா ரெண்டையும் சேர்த்துப் பூட்டணும். எத்தனை பேர் பூட்டறாங்க? போதாக்குறைக்கு சரிவுல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடற புண்ணியவான்கள் வேற.

"அந்தக் காலத்துல எல்லாம் போகலையா?"ன்னு ஒரு பின்னூட்டம் நிச்சயம் வரும். போனாங்க. மாட்டு வண்டியில, மணிக்கு 5 கிலோமீட்டர்ல. டிராக்டர் 30-ல போகுது. வேகம் 6 மடங்குன்னா கிலோவுக்கு 36 மடங்கு சக்தியைப் பிரேக் முழுங்கியாகணும். கொசுவத்திப் புகையில இந்தக் கணக்கு மறைஞ்சு போகுது.

கணக்கு பிடிக்காதவங்களுக்கு செய்தி. 2018 ஜூன்ல தெலங்கானா யாதாத்ரி மாவட்டத்துல, வயல் வேலைக்குப் போன பெண்களோட டிராக்டர் டிரெய்லர் கால்வாயில கவிழ்ந்து 15 பேர் செத்தாங்க. 2022 ஏப்ரல் 2, நம்ம திருப்பத்தூர் மாவட்டம் செம்பரை மலைக் கோயிலுக்கு ஆளை ஏத்திட்டுப் போன சரக்கு வேன் பள்ளத்துல கவிழ்ந்து 11 பேர். அதே வருஷம் அக்டோபர் 1, கான்பூர் பக்கம் கோயில்ல குழந்தைக்கு மொட்டை போட்டுட்டுத் திரும்பின டிராக்டர் குளத்துல விழுந்து 26 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச்ல கங்கைக்குக் குளிக்கப் போனவங்க, இருபதுக்கும் மேல, அதுவும் குளம்தான். ஓட்டினவர், வேகம், ரோடுன்னு காரணம் ஒவ்வொண்ணுலயும் வேற. சரக்குப் பொட்டியில மனுஷங்க இருந்தது மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணு.

மொட்டை போட்டுட்டுத் திரும்பினவங்க. இந்த வரியை என்னால தாண்ட முடியலை.

செத்தப்புறம் கதை இன்னும் கேவலம். சரக்கு வண்டியில ஓசியில ஏறி வந்தவங்களுக்கு நஷ்ட ஈடு தர இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002-ல ஆஷா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதாவது நாளைக்கு எதாவது ஆச்சுன்னா, சொந்தக்காரங்க மாமா மேலதான் கேஸ் போட வேண்டி வரும். பாசமா கூட்டிட்டுப் போன மாமா மேல.

"ஏழைங்க வேற எதுல போவாங்க?" இது நியாயமான கேள்வி, இதுக்கு மட்டும் நான் குரலை உயர்த்த மாட்டேன். கோயில் இருக்கற இடத்துக்கு பஸ் இல்லை. வேன் வாடகை கட்டுப்படி ஆகாது. உண்மை. 2021-லேர்ந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லைன்னு வந்ததே, அந்த பஸ் வரைக்கும் போய், மிச்ச தூரம் ஷேர் ஆட்டோவுல நாலு நடை போகலாம். சாமானை டிராக்டர்ல அனுப்பலாம், டிராக்டர் அதுக்குத்தான் பொறந்தது. ஆனா நம்ம பதிவர்கள்ல எத்தனை பேருக்கு வேன் காசு நிஜமாவே பிரச்சனை? விசேஷத்துக்கு டிரோன் வெச்சு வீடியோ எடுக்கறோம். டிராக்டர்ல போறது இப்போ வறுமை இல்லைங்க, வீடியோவுல நல்லா இருக்குன்னுதான் போறோம்.

இன்னொண்ணு எங்க ஊர்க்காரங்களுக்கு. சொசைட்டில பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் குடுக்கறாங்க. நெய்து கொண்டு போனா புடவையையும் எடை போட்டுத்தான் வாங்கறாங்க. பத்து கிராம் குறைஞ்சா ஏன்னு கேக்கற ஊர் இது. ஜரிகைக்குத் தராசு வெச்ச ஊர்ல, பெத்த புள்ளைங்களை ஏத்தும்போது மட்டும் "ஒரு குத்துமதிப்பா ஏறிக்கோங்க"வா?

இப்போ பெரியம்மாவுக்கு பதில். வைகாசில வரதராஜப் பெருமாள் தேர் நீங்களும் பாத்திருக்கீங்க பெரியம்மா. வடம் பிடிக்க ஆயிரம் பேர். புண்ணியம், போட்டோ எல்லாம் அவங்களுக்கு. ஆனா தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் யாரு? சக்கரத்துக்கு அடியில கட்டை போடற நாலு பேர். குனிஞ்சே இருப்பாங்க, யாரும் அவங்களைக் கும்பிடறதில்லை. அவங்க ஒரு நிமிஷம் அசந்தா தேர் கடைக்குள்ள போயிடும், வடம் பிடிச்ச கூட்டம் சக்கரத்துக்கு அடியில போயிடும். அவங்க கையில இருக்கற கட்டைக்குப் பேர்தான் முட்டுக்கட்டை. இவ்ளோ பெரிய தேரோட்டம் நடக்கற ஊர்ல அந்த வார்த்தையைத் திட்டறதுக்கு எடுத்துக்கிட்டோம் பாருங்க.

நான் முட்டுக்கட்டைதான். அதைச் சொன்னா எனக்குக் கோவம் வரலை.

வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்து. ரெண்டு வேன் சொல்லியாச்சு, காசு என்னுது. "சம்பாதிக்கற திமிரு"ன்னு பெரியம்மா பேசறதை நிறுத்திட்டாங்க. மாமா மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கார், ஆனா அண்டாவையும் ஆட்டையும் டிராக்டர்ல அவரே ஓட்டிட்டு வர்றார். எடை மேடைச் சீட்டு இன்னும் அவர் சட்டைப் பையிலதான் இருக்கு. அத்தை எதுவும் சொல்லலை. முந்தாநேத்து தார் சுத்திக்கிட்டே கேட்டாங்க: "வேன்ல ஜன்னலோரம் எனக்கு ஒரு இடம் போடுவியாடா?"

டிஸ்கி: அந்தக் கொசுவத்திப் பதிவர் நல்ல நண்பர். அவர் பதிவை அழிக்கச் சொல்லலை. கீழ ஒரு வரி சேர்த்துட்டா போதும்.

டிஸ்கி 2: கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க, திருத்திக்கறேன். "எங்க வண்டி இழுக்கும்"னு மட்டும் யாரும் எழுதாதீங்க, ப்ளீஸ்.