மரமும் பொன்னும் வரலாறுதான்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ போன்ற கணினி விளையாட்டுகளில் மரம் வெட்டிப் பொன் சேர்ப்பதுதான் நடக்கிறது, அதில் வரலாறு எங்கே என்று கேட்கிறார்கள். மரமும் பொன்னும் இல்லாமல் எந்தப் போர் நடந்தது? தோவாளை வட்டத்தில், திருவிதாங்கூரின் வாசலாக இருந்த ஆரல்வாய்மொழிக் கணவாயையே எடுத்துக்கொள்வோம். 1805 உடன்படிக்கை, திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகையை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக ஏற்றியது. கட்ட முடியாத அந்தப் பாக்கி முற்றித்தான் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியாக வெடித்தது. 1809 பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜரின் கம்பெனிப் படை கணவாய் முன் வந்து நின்றது. மலைக்கு மலை கோட்டைச்சுவர், பீரங்கிகள். வாசலை முட்டி உடைக்க அவர்கள் முயலவில்லை. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு, இரவோடு இரவாகத் தெற்கு மலையில் ஏறி, காவலை மேலிருந்து பிடித்தது. சுவர் நின்றது, நாடு விழுந்தது. விளையாட்டில் காவலில்லாத ஓரத்தை வேவு பார்த்துத் தேடுகிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது உடனே புரியும். ஆண்டுகளை மட்டும் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் புரியாது.

இந்த விளையாட்டுகளில் பிழைகள் இல்லையா என்றால், உண்டு. 2022-இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விரிவாக்கம் தென்னகம் முழுவதையும் ‘திராவிடர்’ என ஒரே கட்சியாக்கி, கேரளக் களரியின் உருமியை அதன் தனிப்படை ஆயுதமாக்கியது. ராஜேந்திர சோழன் படையெடுப்புகளுக்கும் அதே கட்சிதான். இதைக் கண்டிக்க வேண்டும், நானும் கண்டிக்கிறேன். ஆனால் பிழையுள்ள பாடநூலைத் திருத்துகிறோமே தவிர, படிப்பை நிறுத்துவதில்லை. அந்த உருமி எந்த ஊருடையது என்று ஆசிரியர் வகுப்பில் கேட்கட்டும். கணவாயைக் காட்டி, சுவர் ஏன் தோற்றது என்றும் கேட்கட்டும்.