5இல் வைத்தாலும் அதே குளிர்

மான்செஸ்டரில் படிக்கும் மகள் போன வாரம் அழைத்தாள். "அப்பா, ஹீட்டரை 5இல் வைத்து ஒரு மணி நேரமாச்சு. ஜாக்கெட்டோடுதான் படிக்கிறேன்." இடையிடையே இருமல் வேறு.

வீட்டில் ஏர்கான் சீக்கிரம் குளிரட்டும் என்று 16க்குத் தட்டுவாள்; அதே பழக்கம். ரேடியேட்டர் வால்வில் உள்ள எண் வேகத்தைக் கூட்டாது. அறை எவ்வளவு சூடானதும் வெந்நீரைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அது. 3இல் வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி. நமக்கே அது போதும்.

"தொட்டுப் பாரும்மா" என்றேன். கீழே சூடு, மேலே சில்லென்று இருந்தது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் வெந்நீர் மேலே ஏறாது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் மூலைத் திருகை அதற்கான சிறு சாவியால் இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். தண்ணீர் கசிந்ததும் மூடிவிட வேண்டும். கீழே பழைய துணி அவசியம். அந்தத் தண்ணீர் கறுப்பாக வரலாம். பிறகு பாய்லரில் அழுத்தம் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம்.

மறுநாள் படம் அனுப்பினாள்: "இப்போ சுடுது!" ரேடியேட்டர் முழுக்க ஈரக் காலுறைகள். அவற்றை எடுத்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும் என்று பதில் போட்டேன்.