யாரை அகற்றிவிட்டு வரும் பசுமைப் பாதை?

மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்கள் குடியிருப்புகளுக்கும் கடைவீதிகளுக்கும் ஊடே செல்கின்றன. அவற்றை ஒட்டி, முலுண்ட் முதல் சயான் வரையிலான பகுதிகளை இணைத்து, சுமார் 39 கிலோமீட்டருக்கு மிதிவண்டித் தடமும் நடைபாதையும் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது.

வாகனப் புகையில் திணறும் நகரங்களுக்கு இத்தகைய பாதைகள் அவசியம் என்பதில் ஐயமில்லை. வசதி படைத்தோருக்கு மிதிவண்டி உடற்பயிற்சிக் கருவி. பால் ஊற்றுபவருக்கும் காவலாளிக்கும் அதுவே அன்றாட வாகனம். பாதுகாப்பான பாதையின் முதல் தேவை உழைப்பாளிகளுக்கே உள்ளது. எனவே, பாதை வேண்டுமா என்பதல்ல கேள்வி. அது யாரைக் கேட்டு, யாருடைய இழப்பில் அமைகிறது என்பதே கேள்வி.

குழாய்களின் பாதுகாப்புக்காக இருபுறமும் 10 மீட்டர் இடத்தைக் காலிசெய்ய பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிநீரைக் காப்பது நியாயமான நோக்கமே. ஆனால், அங்கிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகிலுள்ள மாஹுலுக்கு அனுப்பப்பட்டன. அப்பகுதியின் காற்று மாசு மக்களின் உடல்நலத்தை அச்சுறுத்துகிறது என 2015இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியிருந்தது. நகரின் ஒரு பகுதியினர் நல்ல காற்றைச் சுவாசிப்பதற்காக, மற்றொரு பகுதியினர் நச்சுக் காற்றுக்குள் தள்ளப்பட்டனர்.

மக்கள் பணிந்துவிடவில்லை. 2018இல் வித்யாவிஹாரில் சாலையோரத்திலேயே தங்கிப் போராடினர். பாதிக்கப்பட்டோருக்கு மாத வாடகையாக 15,000 ரூபாயும் முன்பணமாக 45,000 ரூபாயும் வழங்குமாறு 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், எந்தக் குடும்பத்தையும் மாஹுலுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. போராட்டமின்றி இந்த நீதி கிடைத்திருக்காது.

வாழ்வாதார உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று, மும்பை நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985இலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை தெருவோர வியாபாரிகளை அகற்றக் கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆலோசனை நிறுவனங்கள் வரைபடம் தீட்ட, இயந்திரங்கள் வந்து நிற்கும்போதுதான் மக்களுக்குச் செய்தி எட்டுகிறது என்ற நிலையே மாற வேண்டும்.

எந்த நகரில் பசுமைப் பாதை திட்டமிடப்பட்டாலும், வரைபடம் இறுதியாகும் முன்னரே அவ்வழியில் குடியிருப்போர், சிறு கடைக்காரர்கள், தெருவோர வியாபாரிகள் ஆகியோரின் கருத்து வார்டு வாரியாகக் கேட்கப்பட வேண்டும். குடியிருப்புகளைத் தவிர்க்கும் மாற்று வழிகள் ஆராயப்பட வேண்டும். இடமாற்றம் தவிர்க்க முடியாததெனில், வேலைக்கும் பள்ளிக்கும் அருகிலேயே, வாழத் தகுந்த மாற்று வீடுகளை முதலில் வழங்க வேண்டும். அதன் பின்னரே ஒரு சுவரேனும் இடிக்கப்படலாம். மரக்கன்று நடுவதற்காக மனிதர்களை வேரோடு பிடுங்குவது பசுமை ஆகாது.